மூன்றாம் தரப்பு

பென்கூலன் தெருவில் என் அச்சுக்கடைக்கு
சனிக்கிழமை இரவு, கதவை இறக்கும் நேரம்,
ஒரு நாடு வந்தது.
தோளில் நனைந்த பை, கையில் பென்டிரைவ்.
பெயர் லோசா தெமானு. வணிக அமைச்சு, சட்டப் பிரிவு.
"பிரிவில் எத்தனை பேர்?"
"நான்தான் பிரிவு."

சுவரில் இருந்த உலகப் படத்தில் தேடினேன்.
அவர் வலது ஓரத்தைத் தொட்டார், பிறகு இடது ஓரத்தை.
மிச்சத் தீவுகளை
சட்டம் அடித்தவர் ஆணிக்கு அடியில் வைத்துவிட்டார்.

வழக்கு இரண்டு பெரியவர்களுக்குள்.
என் மண்ணில் செய்த சூரியத் தகட்டுக்குத்தான் மானியம்
என்கிறார் ஒருவர்.
என் தகட்டை ஒதுக்குகிறாய், விதிமீறல்
என்கிறார் மற்றவர்.
வெயிலுக்குப் பங்காளிச் சண்டை.
லோசாவின் நாடு வாதியல்ல, பிரதிவாதியல்ல,
மூன்றாம் தரப்பு.
பயணப்படி சிங்கப்பூரோடு தீர்ந்துவிட்டதால்
ஜெனிவாவுக்குத் திரைவழியே பத்து நிமிடம்.
திங்கள் மாலை நான்கு மணி. என் பின்னறை,
மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி.

இயந்திரம் சூடாகும்வரை படித்துக் காட்டினார்.
தகடு மலிவாகக் கிடைக்க வேண்டும், எங்களுக்கு வேறு வழியில்லை.
நாளை நாங்களும் ஒரு பட்டறை வைத்தால்
எங்கள் பொருளுக்கு முதலிடம் தரும் உரிமையும் வேண்டும்.
கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.
கூழ் குடித்து முடித்தவர்கள் எல்லாரும்
மீசையோடுதானே உட்கார்ந்திருக்கிறார்கள் அந்த மேசையில்.

கைபேசியில் நேரம் பார்த்தேன்: பதினொன்று நாற்பது.
"தலைவருக்கு நன்றி, உறுப்பினர்களுக்கு நன்றி,
இதையெல்லாம் வெட்டலாமே?"
"அதை மட்டும் வெட்ட முடியாது."
வெட்டியது ஆறாம் பக்கத்தை.
வெளித்தீவு மருந்தகம், தடுப்பூசிக் குளிர்பெட்டி,
டீசல் கப்பல் வராத பத்தொன்பது நாள்,
ஒரு தாதி சாக்கைக் கடல்நீரில் நனைத்து நனைத்துப்
பெட்டியைச் சுற்றிவைத்தது.
"இது கதை" என்று குறுக்கே கோடு போட்டார்,
"வாதம் அல்ல."

திங்கள்.
திரையில் ஒரு பக்கம் ஒன்பது பேர், மறுபக்கம் பதினான்கு,
பின்னால் கோப்புகள் ஏற்றிய தள்ளுவண்டிகள்.
மூலைச் சதுரத்தில் லோசா,
அவர் தலைக்குமேல் என் லேமினேட்டிங் விலைப்பட்டியல்.
கழற்ற மறந்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

ஒன்பது நிமிடம் இருபது நொடி. குரல் தடுமாறவில்லை.
கேள்விகள் உண்டா என்றார் தலைவர்.
ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஒருவர் பக்கம் புரட்டினார்.
மீந்த நாற்பது நொடிக்குள்
ஒரு குளிர்பெட்டி தாராளமாக நுழைந்திருக்கும்.
நன்றி. அடுத்த மூன்றாம் தரப்பு.

ரசீது கேட்டார். அமைச்சின் பெயர்
கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் வளைத்து எழுதினேன்.
எழுபத்தொரு வெள்ளி அறுபது காசு, வரி உட்பட.
"நீங்கள் பேசியதால் தீர்ப்பு மாறுமா?"
"அறிக்கையில் ஒரு பத்தி வரும்,
இருநூறாம் பக்கத்துக்கு அப்பால் எங்கோ.
அடுத்த வழக்கில் யாராவது அதை அடிக்குறிப்பில் காட்டலாம்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
விமான நிலையப் பேருந்துக்கு ஓடினார்.

எதிர் வீவக புளோக்கின் கூரையில்
மூன்று பேர் புதுத் தகடுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
பெட்டியில் எந்த நாட்டுப் பெயர் என்று
முதல்முறையாக எட்டிப் பார்த்தேன்.
கண் கூசியது, எழுத்து தெரியவில்லை.

ஆறாம் பக்கம் பழைய தாள் தட்டில் கிடந்தது.
மறுநாள் ஒரு கல்யாண விருந்துப் பட்டியலுக்குச்
சோதனை அச்சை அதன் முதுகில்தான் எடுத்தேன்.
மட்டன் பிரியாணி, அச்சார், ஜவ்வரிசிப் பாயசம்.
எழுத்தின் அளவைச் சரிபார்த்த மாப்பிள்ளை
சும்மா திருப்பியவர், நின்றுகொண்டே முழுதும் படித்தார்.
"அண்ணே, அந்தத் தாதி
மருந்தைக் காப்பாத்திட்டாங்களா?"

பக்கம் அதற்குமுன் முடிந்திருந்தது.